கரேம்: தமிழ்க் கூலியும் கரும்புத் தீவின் கோடையும்

கரீபியத் தீவுகளுக்குப் பயணம் செல்லச் சிறந்த காலம் எதுவென்று கேட்டால், எல்லாக் கையேடுகளும் ஒரே விடையைத் தருகின்றன: டிசம்பர் தொடங்கி ஏப்ரல் முடிய. வானம் தெளிந்திருக்கும், புயல் அச்சம் இராது, கிழக்கிலிருந்து இடையறாது வீசும் காற்று வெயிலைத் தணிக்கும். அனைத்தும் உண்மையே. பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட குவாதலூப் தீவில் லெ மூல் என்னும் கடலோர ஊருக்கு ஒரு மார்ச் மாதத்தில் நான் சென்றிருந்தபோது கையேடு சொன்ன ஒவ்வொன்றும் அங்கே இருந்தது. கையேடு சொல்லாத ஒன்றும் இருந்தது. ஊரை நெருங்கும் சாலையெங்கும் வெட்டிய கரும்பை ஏற்றிய வண்டிகள் வரிசையாய் ஊர்ந்துகொண்டிருந்தன. காற்றில் கடலின் உப்பு மணத்தைக் காட்டிலும் காய்ச்சிய சாற்றின் மணமே மிகுந்திருந்தது. குவாதலூப் பெருநிலத்தில் இன்றும் இயங்கும் ஒரே சர்க்கரை ஆலையான கார்தெல் இவ்வூரில்தான் இருக்கிறது. பயணிகளின் பருவமும் ஆலையின் பருவமும் ஒன்றே என்பதை அங்கே போன பிறகுதான் உணர்ந்தேன். புலம்பெயர்ந்த தமிழர் வரலாற்றைப் பல ஆண்டுகளாகப் படித்துவருபவன் இதைப் போய்ப் பார்த்துத்தான் அறிய வேண்டியிருந்தது என்பதில் எனக்குச் சற்று வெட்கம் உண்டு.

அத்தீவில் ஆண்டுக்கு இரண்டே பருவங்கள். ஜூலை முதல் நவம்பர் வரை மழையும் சூறாவளியும். அதற்கு 'இவெர்னாழ்' என்று பெயர். ஜனவரி, பிப்ரவரி தொடங்கி மே வரையிலான உலர் பருவத்திற்குக் 'கரேம்' என்று பெயர். கரேம் என்பது கிறித்தவர்களின் தவக்காலத்தைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பின் பெயரே பருவத்தின் பெயராகிவிட்டது. நோன்பின் பெயர் தாங்கிய இந்த மாதங்களில்தான் அத்தீவு தன் வரலாறு முழுவதும் மிகக் கடுமையாக உழைத்திருக்கிறது. மழை நின்றபின் கரும்பு வளர்வதை விட்டுச் சர்க்கரையைத் தண்டில் சேர்க்கத் தொடங்குகிறது. நிலம் உலர்ந்தால்தான் வண்டிகள் வயலுக்குள் இறங்க முடியும். பழைய காலத்துக் காற்றாலைகளைச் சுழற்றியதும் இப்பருவத்துக் கிழக்குக் காற்றே. கிராந்த்-தேர் சமவெளியிலும் அண்டைத் தீவான மரி-கலாந்திலும் இறக்கை இழந்து நிற்கும் கல்கோபுரங்கள் அதற்குச் சான்று. வெட்டிய கரும்பு ஓரிரு நாட்களுக்குள் ஆலைக்குப் போய்ச் சேராவிட்டால் அதன் சர்க்கரை சிதையத் தொடங்கும். ஆகவே வெட்டும் கையும் அரைக்கும் எந்திரமும் ஒன்றுக்கொன்று காத்திருக்க இயலாது. இந்த ஓட்டத்திற்குத் தோட்டக்காரர்கள் வைத்த பெயர் 'ருலேசோன்'. உருளைகள் சுழலும் காலம் என்று பொருள் கொள்ளலாம்.

நான் வசிக்கும் ராமாபுரத்தில் கோடைக்குப் பொருள் வேறு. பழைய மைசூர் மாவட்டத்தில், மாதேசுவரன் மலைக் காடுகளை ஒட்டிய ஊர் இது. கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தோடு இணைந்திருந்தமையால், இங்கே தமிழும் கன்னடமும் ஒரே திண்ணையில் பேசப்படும். மானாவாரி நிலத்தை நம்பிய இத்தகைய ஊர்களில் மாசி, பங்குனி என்றால் வயலில் வேலை இல்லை. கிணற்றில் நீர் இல்லை. பிழைப்புத் தேடி வெளியூர் போகும் காலம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அப்படித்தான் இருந்தது, இன்னும் கொடுமையாக. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தையும் மைசூர் நாட்டையும் தாக்கிய பெரும்பஞ்சத்தில் மக்கள் இலட்சக்கணக்கில் மடிந்தனர். பஞ்சமில்லாத ஆண்டுகளிலும் கடனும் பசியும் மனிதர்களைத் துறைமுகங்களை நோக்கித் தள்ளிக்கொண்டே இருந்தன. அவர்களுள் ஒரு பகுதியினர் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிச் சென்று இறங்கிய இடங்களுள் குவாதலூப் ஒன்று. ஒரு கோடைக்குத் தப்பிப் போனவர்களை இன்னொரு கோடை எதிர்கொண்டது. முன்னதில் வேலையே இல்லை. பின்னதில் வேலைக்கு முடிவே இல்லை.

இந்தத் தலைகீழ் மாற்றத்தில்தான் ஒப்பந்தக் கூலி முறையின் உட்பொருள் ஒளிந்திருப்பதாக நான் கருதுகிறேன். சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பிரான்சு தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்த ஆணை 1848 ஏப்ரல் 27இல் பிறந்தது. குவாதலூப்பில் ஏறத்தாழ 87,000 பேர் விடுதலை பெற்றனர். விடுதலையானவர்கள் அனைவரும் தோட்டங்களை விட்டு ஓடிவிட்டார்கள், வேலை செய்ய மறுத்தார்கள், ஆகவே ஆளில்லாத் தோட்டங்களைக் காப்பாற்றவே இந்தியர்கள் அழைக்கப்பட்டார்கள் என்ற கதை தோட்டக்காரர்களால் சொல்லப்பட்டது. நம் புலம்பெயர்வு நூல்களில் பலவும் அதை ஐயமின்றி வழிமொழிகின்றன. விடுதலை பெற்றவர்கள் வேலையை மறுத்தார்கள் என்பதைவிட, வேலைக்கு விலை பேசினார்கள் என்பதே பொருந்தும். தமக்கென ஒரு துண்டு நிலத்தில் கிழங்கும் காய்கறியும் பயிரிட்டு, தோட்ட வேலைக்குத் தாம் விரும்பிய நாட்களில் போனார்கள். அவர்கள் பேரத்துக்கு ஆண்டு முழுவதும் ஒரே வலிமை இருக்கவில்லை. மழைக்காலத்தில் ஒருவர் வேலைக்கு வராவிட்டால் களை கொஞ்சம் மண்டும்; அவ்வளவே. கரேமில் நூறு பேர் மூன்று நாள் வராவிட்டால் ஓர் ஆண்டின் விளைச்சல் வயலிலேயே அழியும். அடிமையாய் இருந்தவருக்கு முதன்முதலாக ஆண்டையின் கழுத்தில் கைவைக்கும் வாய்ப்பைத் தந்த பருவம் அது.

அவ்வாய்ப்பைப் பறிக்க இரண்டு வழிகள் கையாளப்பட்டன. ஒன்று சட்டம்: 1852 பிப்ரவரி 13ஆம் நாள் ஆணை, தொழிலாளரைப் பதிவேடுகளாலும் நாடோடிக் குற்றப் பிரிவுகளாலும் தோட்டத்தோடு கட்டிப்போட முனைந்தது. மற்றொன்று கப்பல். மதெய்ராத் தீவினர், சீனர், ஆப்பிரிக்கர் என்று பலரைக் கொணர்ந்து பார்த்தபின், நிலையான தீர்வாகக் கிடைத்தவர்கள் நம்மவர்கள். 'ஒரேலி' என்னும் கப்பல் 1853 மே 6இல் மார்த்தினிக்கில் முதல் இந்தியர்களை இறக்கியது. அதே கப்பல் 1854 டிசம்பர் 24இல் குவாதலூப்பின் புவாந்த்-ஆ-பித்ர் துறைமுகத்தில் முந்நூறுக்கும் சற்று மேற்பட்டோரை இறக்கியது. கிறித்து பிறப்புக்கு முந்தைய நாள் அது. அடுத்த சில வாரங்களில் ருலேசோன் தொடங்கவிருந்தது. முதல் கப்பலின் நாள் திட்டமிடப்பட்டது என்று நான் வாதிடவில்லை. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஏறத்தாழ மூன்று மாதங்கள் கடலில் கழியும் பாய்மரக் கப்பலின் வருகையை வாரக் கணக்கில் யாரும் வகுக்க முடியாது. எனினும் இறங்கியவர்கள் கண்ட முதல் பருவம் கரேம் என்பது அவர்கள் வாழ்வை நிர்ணயித்தது.

ஒப்பந்தத்தின் விதிகளைப் பருவத்தின் கண்கொண்டு படித்தால் அவை வேறு தோற்றம் கொள்கின்றன. ஐந்தாண்டு உழைப்பு, ஆணுக்கு மாதம் 12 பிராங்கு 50 சாந்தீம், பெண்ணுக்குப் 10 பிராங்கு. 1861 ஜூலை முதல் நாள் பிரிட்டனும் பிரான்சும் கையெழுத்திட்ட உடன்படிக்கை, பிரிட்டிஷ் இந்தியக் குடிமக்களைப் பிரெஞ்சுத் தீவுகளுக்குக் கொண்டுசெல்ல வழிவிட்டது. அவ்வுடன்படிக்கையின்படி வாரத்தில் ஆறு நாள், நாளொன்றுக்கு ஒன்பதரை மணி நேரம் வேலை. இவை அனைத்தும் ஆண்டு முழுமைக்கும் ஒரே அளவு. கூலி கரேமிலும் அதேதான், மழையிலும் அதேதான். இதைச் சீரான ஏற்பாடு என்று கடந்து போய்விடலாம். ஆனால் அந்தச் சமநிலைக்குள்தான் சூழ்ச்சி இருக்கிறது. உழைப்பின் விலை ஏறும் மாதங்களில் விலை பேச இயலாதபடி ஐந்தாண்டு முன்னதாகவே விலை நிர்ணயிக்கப்பட்டுவிட்டது. அதுவும் எங்கே? கரும்பையே காணாத ஒரு தஞ்சாவூர்க்காரரும் சேலத்துக்காரரும் காரைக்கால் கிடங்கில் நின்று கைநாட்டு வைக்கும் இடத்தில். நோயால் வராத நாளுக்குக் கூலி இல்லை என்பதோடு, வராத நாட்கள் ஒப்பந்தக் காலத்தோடு கூட்டப்பட்டன. ஐந்தாண்டு என்பது காலண்டரின் ஐந்தாண்டு ஆகாது. உழைத்த நாட்களின் எண்ணிக்கை அது. சீட்டின்றித் தோட்ட எல்லையைத் தாண்டியவர் நாடோடியாகக் கைது செய்யப்பட்டார். ஆக, கருப்பினத் தொழிலாளி கரேமில் பெற்றிருந்த ஒரே ஆயுதத்தை முறியடிக்கும் கருவியாகத் தமிழ்க் கூலி இறக்குமதி செய்யப்பட்டார். அவருக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. கருப்பினத் தொழிலாளிக்கோ நன்றாகவே தெரிந்திருந்தது. இரு சமூகங்களுக்கும் இடையே நெடுங்காலம் நிலவிய கசப்பின் வேர் இங்கேதான் இருக்கிறது. கிரியோல் மொழியில் 'கூலி' என்ற நம் சொல் வசைச்சொல்லாக மாறிய கதையை இனவெறுப்பு என்று மட்டும் விளக்குவது பாதி உண்மையே.

இங்கே பொங்கலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பிரெஞ்சுத் தீவுகளுக்கான ஒப்பந்தங்களில் ஞாயிற்றுக்கிழமை ஓய்வோடு, ஆண்டுக்கு நான்கு நாள் பொங்கல் விடுமுறை என்றொரு விதி உண்டு. 'பொங்கோல்' என்றே எழுதியிருப்பார்கள். புலம்பெயர்ந்தோர் பண்பாட்டுக்கு அயலாட்சி காட்டிய மதிப்பு என்று இதைப் பெருமையோடு மேற்கோள் காட்டுவோர் உண்டு. நானும் ஒரு கருத்தரங்கில் அப்படிப் பேசியிருக்கிறேன். இப்போது யோசித்தால் அதன் இன்னொரு பக்கம் தெரிகிறது. காவிரிப் படுகையில் தை முதல் நாள் என்பது அறுவடையின் நிறைவு. சம்பா களத்துக்கு வந்துவிட்டது. மாட்டுக்கும் மனிதனுக்கும் ஓய்வு. குவாதலூப்பில் அதே ஜனவரி நடு என்பது அறுவடையின் தொடக்கம். ஆலையின் கொதிகலன் எரியூட்டப்படும் தறுவாயில் அந்த நான்கு நாட்கள் வருகின்றன. முடிந்த வேலைக்கு நன்றி சொல்லும் விழா, தொடங்கவிருக்கும் வேலைக்கு முந்தைய கடைசி மூச்சாக மாறியது. சூரியன் அதே இடத்தில்தான் திரும்பியது. பொங்கல்தான் இடம் மாறிவிட்டது. பொங்கல் பானையில் அங்கே என்ன அரிசி வெந்திருக்கும் என்பது ஊகிக்கக் கூடியதே. ஒப்பந்தப்படி வழங்கப்பட்ட பங்கீட்டு அரிசி. தன் நிலத்தில் விளைந்த புதுநெல் எவரிடமும் இல்லை.

குவாதலூப்புக்கு 1854 முதல் 1889 வரை ஏறத்தாழ 42,000 இந்தியர் கொண்டுவரப்பட்டனர். மார்த்தினிக்குக்கு 25,000 பேருக்குச் சற்று மேல். 1870களில் கல்கத்தாவிலிருந்தும் கப்பல்கள் வந்தன என்றாலும், பெரும்பான்மையினர் தமிழகத்தாரே. குவாதலூப்பிலிருந்து ஊர் திரும்பியவர்கள் பத்தாயிரத்துக்கும் குறைவு. எஞ்சியவர்களுள் பெருந்தொகையினர் அங்கேயே மாண்டனர். தொழிலாளர் நடத்தப்பட்ட விதம் குறித்த புகார்கள் பெருகியதால் 1888இல் பிரிட்டிஷ் இந்திய அரசு இத்தீவுகளுக்கு ஆளனுப்புவதை நிறுத்தியது. கயானாவுக்கும் டிரினிடாடுக்கும் போனவர்களைப் பற்றி ஆங்கிலத்தில் நூல்கள் குவிந்திருக்க, பிரெஞ்சுத் தீவுகளுக்குப் போனவர்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. பிரெஞ்சில் சிங்காரவேலு என்னும் புவியியலாளர் 1975இலேயே குவாதலூப் இந்தியரைப் பற்றித் தனிநூல் எழுதினார். பொருளியல் வரலாற்றாளர் கிறிஸ்தியான் ஷ்னாக்கென்பூர்க் கப்பல் கப்பலாகக் கணக்கெடுத்திருக்கிறார். பெயரிலேயே தமிழைத் தாங்கியவரின் நூல் அரை நூற்றாண்டாகத் தமிழாக்கம் பெறாமல் இருப்பது நம் துறைகளின் நிலைக்கு ஒரு சான்று. ஆங்கிலம் தொடாத புலம்பெயர்வு நமக்குப் புலப்படுவதில்லை.

லெ மூலிலிருந்து தெற்கே சேன் பிரான்சுவாவுக்கு வரும் வழியில் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தேன். மூத்துசாமி, ராமசாமி, வீராசாமி, கோவிந்தன். பிரெஞ்சு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியவை. தந்தையின் பெயராக இருந்தது மூன்று தலைமுறையில் குடும்பப் பெயராகிவிட்டது. இவ்வூரின் மேயராக நெடுங்காலம் இருந்த எர்னெஸ்த் மூத்துசாமி, 1981 முதல் 2002 வரை பாரிசு நாடாளுமன்றத்திலும் அமர்ந்தவர்; எழுத்தாளரும்கூட. இனவாரிக் கணக்கெடுப்பைப் பிரெஞ்சு அரசு நடத்துவதில்லையாதலால் இந்திய வழியினர் எத்தனை பேர் என்பதற்கு மதிப்பீடுகளே உள்ளன. தீவின் மக்கள்தொகையில் பத்து விழுக்காட்டை ஒட்டி என்று பொதுவாகச் சொல்வார்கள். பேசுவது கிரியோலும் பிரெஞ்சும். தமிழ் சொற்களாய்ச் சிதறிக் கிடக்கிறது. பாகற்காய் 'பரோக்கா'. வேப்பிலை 'வெப்பெலே'. பூசாரி 'பூசாரி'யே. தீவின் தேசிய உணவு போலாகிவிட்ட 'கொலொம்போ', குழம்பு என்ற சொல்லே என்பது பலர் கருத்து. இலங்கைத் தலைநகரோடு இணைப்பாரும் உண்டு. ஆட்டுக்கறிக் கொலொம்போவை ஒருமுறை உண்டவன் என்ற முறையில் நான் குழம்புக் கட்சி.

கிரியோல் பெண்களின் மரபுடையில் தலைக்கட்டாக விளங்கும் கட்டம்போட்ட துணிக்கு 'மத்ராஸ்' என்று பெயர். அது கூலிகள் கொண்டுவந்தது என்று அங்கேயே பலர் நம்புகின்றனர். உண்மையில் துணி மனிதருக்கு முன்பே போய்விட்டது. அடிமை வணிகக் காலத்திலேயே சென்னைக் கரையின் கைத்தறித் துணிகள் அத்தீவுகளில் விலைபோயின. நெய்தவரின் துணிக்கு இருந்த மதிப்பு, பின்னால் போன நெய்தவரின் பேரனுக்கு இருக்கவில்லை.

மேற்கே பாஸ்-தேர் பகுதியில், எரிமலைச் சரிவின் அடியில் கப்பெஸ்தேர் ஊர். கிராந்த்-தேர் சுண்ணாம்புச் சமவெளி கரேமில் வெளுத்துக் கிடக்க, இங்கே சூஃப்ரியேர் மலை (1,467 மீட்டர்) மேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பச்சை மாறுவதில்லை. சமவெளியின் குடிநீர் பெரிதும் இம்மலையின் ஆறுகளை நம்பியிருக்கிறது. குழாய்கள் பழுதுபட்டுக் கிடப்பதால் கரேமில் நீர் முறைவைத்து விடப்படும். நான் தங்கிய வீட்டின் முற்றத்தில் குடங்களுக்கு நிகரான பிளாஸ்டிக் வாளிகள் அணிவகுத்திருந்ததைக் கண்டபோது ராமாபுரம் நினைவுக்கு வராமல் இல்லை.

கப்பெஸ்தேரின் சாங்கி என்னுமிடத்தில் நெடுஞ்சாலை ஓரமாகவே வண்ணச் சுதைகளோடு மாரியம்மன் கோயில் நிற்கிறது. அம்மனை 'மலியேமேன்' என்பார்கள். காவலாக நிற்பவர் 'மல்தேவிலேன்', நம் மதுரைவீரன். மார்த்தினிக்கில் 'நாகூர்மீரா' என்றொரு தெய்வமும் உண்டு; நாகூர் ஆண்டவர் இந்துக் கோயிலுக்குள் கொடியோடு குடியேறிவிட்ட கதை அது. பெருந்தெய்வங்களைக் காட்டிலும் எல்லை காப்போரும் நோய் தீர்ப்போரும் கடல் கடந்திருக்கிறார்கள் என்பதில் வியப்பில்லை. கிடாவெட்டு உண்டு; மத்தளமும் தாளமும் உண்டு; இரவு முழுவதும் ஆடும் 'நாத்ரோன்' உண்டு, நம் நாடகமே. பொருள் மறந்துபோன தமிழ்ப் பாடல்கள் வாய்வழியாய்ப் பாடப்படுகின்றன. மார்த்தினிக்கில் பூசாரி கூரிய கத்தியின் விளிம்பின்மேல் ஏறி நின்று வாக்குச் சொல்வார். அந்தக் கத்திக்கு 'கூத்லா' என்று பெயர். கரும்பு வெட்டும் கத்திக்கும் அதே பெயர்தான். ஆறு மாதம் தன் கையைக் கட்டியிருந்த கருவியின்மேல் ஒருநாள் ஏறி நிற்கிறார் என்று படிக்க எனக்குத் தோன்றுகிறது. மானிடவியலார் இதை ஏற்பார்களா என்பது வேறு.

மார்த்தினிக்கின் அந்த்வான் தங்கமேன் (1902–1992) இவ்வகையில் நினைக்கத்தக்கவர். 'ஸ்வாசோ', அதாவது பறவை, என்பது ஊர் வழங்கிய பெயர். பூசாரியாகவும், தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் கொமாந்தேராகவும் வாழ்ந்தவர். அவரது வாழ்க்கைக் கதையை ஜெரி லெத்தாங், விக்தொரேன் பெர்மால் ஆகியோர் 1994இல் நூலாக்கினர். தீவில் தமிழ் பேசத் தெரிந்திருந்த கடைசி மனிதர்களுள் ஒருவராக அவரைக் குறிப்பிடுவர். வயலில் வேலையை ஏவும் குரலும் கோயிலில் தெய்வத்தை அழைக்கும் குரலும் ஒரே தொண்டையிலிருந்து வந்தன. தெய்வத்தின் பக்கமும் தோட்டத்தின் பக்கமும் சேர்ந்தே நின்ற இத்தகைய இடைநிலை மனிதர்களைத் தியாகி என்றோ துரோகி என்றோ எழுதிவிடுவது எளிது. ஆனால் கோயில் நிலைத்ததே பெரும்பாலும் அவர்களால்தான்.

மீண்டும் பருவத்துக்கு வருகிறேன். ஒப்பந்த முறை மறைந்தபின் கரேமின் பேரவலிமை தொழிலாளரிடம் திரும்பியது. நாட்களைப் பாருங்கள். மார்த்தினிக்கின் லெ பிரான்சுவா ஊரில் வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்மீது படையினர் சுட்டது 1900 பிப்ரவரி 8; பத்துப் பேர் மாண்டனர். குவாதலூப் கரும்புத் தொழிலாளரின் பெருவேலைநிறுத்தம் 1910 பிப்ரவரி. மார்த்தினிக்கின் கர்பேயில் மூவர் சுடப்பட்டது 1948 மார்ச் 4. இந்தக் கட்டுரை தொடங்கிய லெ மூல் ஊரிலேயே, கூலி உயர்வு கேட்ட வேலைநிறுத்தத்தின்போது காவற்படை சுட்டு நால்வர் இறந்தது 1952 பிப்ரவரி 14. மார்த்தினிக்கின் ஷால்வேயில் சூடு நடந்தது 1974இல் அதே பிப்ரவரி 14. சர்க்கரை நலிந்துவிட்ட இந்நூற்றாண்டில்கூட, விலைவாசிக்கு எதிராகக் குவாதலூப்பை 44 நாட்கள் முடக்கிய பொது வேலைநிறுத்தம் 2009 ஜனவரி 20இல் தொடங்கி மார்ச் 4இல் முடிந்தது. இம்முறை அழுகும் சரக்கு கரும்பு மட்டுமன்று. விடுதிகளில் வராமற்போன பயணிகளும்தான். விலக்குகள் இல்லாமல் இல்லை. 1967இல் புவாந்த்-ஆ-பித்ரில் கட்டடத் தொழிலாளர் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச்சூடு மே மாத இறுதியில் நிகழ்ந்தது. 1959இல் ஃபோர்-த-பிரான்சில் மூண்ட கலவரம் டிசம்பரில். ஆனால் அவ்விரண்டும் நகரத்தின் நிகழ்ச்சிகள். கரும்பு சார்ந்தவை ஏறத்தாழ யாவும் உலர் பருவத்துக்குள் அடங்கிவிடுகின்றன. அத்தீவின் அரசியல் வரலாற்றை எழுத விரும்புவோர் முதலில் வானிலைக் குறிப்பைத் திறக்கலாம் என்று மாணவர்களிடம் சொல்வதுண்டு, சிரிப்பார்கள்.

இப்போராட்டங்களில் இந்திய வழியினர் பங்கேற்பதற்கு முன்னர் அவர்கள் வேறொன்றைத் தீர்க்க வேண்டியிருந்தது: தாம் யார் என்பதை. தீவிலேயே பிறந்தும், பிரிட்டிஷ் குடிமக்களின் பிள்ளைகள் என்ற காரணங்காட்டி அவர்களுக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டது. கப்பெஸ்தேரில் 1863இல் பிறந்த ஆன்றி சிதம்பரம் (பிரெஞ்சு வழக்கில் சிதாம்பரோம்) 1904இல் இதை எதிர்த்து வழக்காடத் தொடங்கினார். எதிர்ப்பக்கம் நின்றவர் தீவின் ஆளுநரே. வழக்கு 1923 வரை இழுத்தது. பத்தொன்பது ஆண்டுகள். அதற்கிடையே முதல் உலகப்போர் வந்து, வாக்களிக்கத் தகுதியற்றவர்கள் என்று சொல்லப்பட்டோரைப் படையில் சேர்க்கலாமா என்ற வினாவும் எழுந்து ஓய்ந்தது. முடிவில் இந்திய வழியினரின் பிரெஞ்சுக் குடியுரிமை ஏற்கப்பட்டது. சிதம்பரம் 1952இல் மறைந்தார். லெ மூலில் நால்வர் சுடப்பட்ட அதே ஆண்டு. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய இந்தியர் உரிமைப் போராட்டத்தை நம் பள்ளிப் பிள்ளைகள் அறிவார்கள். ஏறத்தாழ அதே காலத்தில், ஒரு கரும்பு ஊரில், சட்டப் புத்தகங்களை மட்டும் துணைக்கொண்டு ஒரு கூலியின் மகன் நடத்திய வழக்கைத் தமிழ்நாட்டுப் பாடநூல் எதிலும் நான் கண்டதில்லை.

புவாந்த்-ஆ-பித்ர் துறைமுகத்தின் ஓரத்தில் 1869இல் எழுந்த தர்பூசியே என்னும் மாபெரும் ஆலை 1980களின் தொடக்கத்தில் அடங்கியது. அந்த இடத்தில் 2015இல் அடிமை முறையின் நினைவகமான 'மெமோரியால் ஆக்த்' திறக்கப்பட்டது. கறுப்புக் கல்லும் வெள்ளி நிற வலையுமாக நிற்கும் அக்கட்டடத்தில் ஒப்பந்தக் கூலிகளுக்கும் ஒரு பகுதி உண்டு. அடிமைகளின் வரலாற்றோடு ஒப்பிட அது சிறியது, சிறியதாக இருப்பதும் நியாயமே. ஏறத்தாழ இருநூறு ஆண்டுக் கொடுமைக்கு முன் முப்பத்தைந்து ஆண்டுக் கொடுமையை நிறுத்தி எடைபோட நான் விரும்பவில்லை. அங்கிருந்து வெளியே வந்தபோது நண்பகல். துறைமுகத்தில் ஒரு பெரிய உல்லாசக் கப்பல் நின்றது. பயணிகள் நிழல் தேடி நடந்தனர். கிழக்குக் காற்று மத்ராஸ் துணிக்கடைகளின் தோரணங்களைப் படபடக்க வைத்துக்கொண்டிருந்தது. ஒரேலி கப்பல் வந்து நின்ற நீர்ப்பரப்பும் அந்தத் துறைமுகத்தினுடையதுதான்.

ஒரு வேண்டுகோள். காரைக்கால், நாகப்பட்டினம், தஞ்சை, கோவைப் பகுதிகளில் 'பிரெஞ்சுத் தீவுக்குப் போனவர்' என்று குடும்பத்தில் எவரையேனும் பற்றிய பேச்சு வழங்கினால், அவர் எந்த மாதத்தில் ஊரை விட்டுப் போனார் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதையும் சேர்த்துக் குறித்து வையுங்கள். ஆண்டு பெரும்பாலும் மறந்துபோயிருக்கும். 'கோடையில் போனார்', 'அறுப்புக்கு முன்னே போனார்' என்று மாதத்தை நினைவில் வைத்திருப்பார்கள். எனக்கு வேண்டியதும் அதுவே.